களத்தில் காயவைத்த கார்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது ஓடைத் தண்ணீர் எங்கள் காருக்குள் புகுந்துவிட்டது. மறுநாள், மக்காச்சோளம் காயும் களத்திலேயே காரையும் கதவுகளைத் திறந்து வெயிலில் நிறுத்தினோம். மாலையில் என் கணவர் சீட்டைத் தடவிப் பார்த்து, "நல்லா காஞ்சிட்ச்சி" என்றார். நானும் நம்பி, இரண்டு வயது மகளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

இன்ஜினை ஓடவிட்டு, டயருக்கு முட்டுக்கொடுத்த கல்லை எடுக்க அவர் இறங்கினார். அவர் கதவைச் சாத்தியதும் நான்கு கதவுகளும் தானாகப் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. மகள் கண்ணாடியைத் தட்டி அழுதாள். நான் கதவுக் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தபடி நின்றேன்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற, நவுரு!" என்று கத்தியவர், அதே கல்லால் பின்கண்ணாடியை உடைத்து அவளைத் தூக்கினார்.

"சீட்டுக்கு அடியில கீற, கதவப் பூட்டற லாக் பெட்டில இன்னும் தண்ணி நிக்குதுங்க, அதான் ஷார்ட் ஆயிட்ச்சி" என்றார் பிறகு வந்து பார்த்த மெக்கானிக்.

சோளம் காய்ந்ததா என்று கடித்துப் பார்க்கலாம். காரை எங்கே கடிப்பது? இப்போதெல்லாம் கார் நனைந்தால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுகிறோம். மெக்கானிக் பார்த்து முடிக்கும்வரை சாவி என் முந்தானையில், மகள் என் இடுப்பில்.