எப்போது போனாலும் இட்லி கிடைக்கும்

எங்கள் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து வந்தவர்களுக்காக நான் ஒரு தாள் எழுதினேன். எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். எழுதும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. பன்னிரண்டாவது முடித்த கையோடு இரண்டாயிரத்து ஏழில் சுங்குவார்சத்திரம் வந்து ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். நாலு வருஷம் ஒரே அசெம்பிளி லைன், ஒரே விடுதி. பக்கத்து லைனில் டெக்னீஷியனாக இருந்த உள்ளூர்க்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் சொன்னேன். அன்றோடு அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆறு மாதம். போன் போட்டால் என் குரலைக் கேட்டதும் அப்படியே அம்மா கையில் கொடுத்துவிடுவார். கடைசியில் மாப்பிள்ளை ஊரிலேயே கல்யாணம் என்று முடிவானபோது அம்மா சொன்னாள்: "உங்கப்பா வேன்ல ஏறி வாராரு, அம்புட்டுதான். அதுக்கு மேல ஒண்ணும் எதிர்பாக்காத."

நான் எதிர்பார்த்தது ஒரு வார்த்தை. திட்டாக இருந்தாலும் சரி, என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும் என்றிருந்தேன்.

வேனில் இருபத்திரண்டு பேர் காலை ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பெண் அழைப்பு மாலையில். இடையில் ஒரு முழுப் பகல் கிடந்தது. "உங்க ஆளுங்க அதுவரிக்கும் இன்னா பண்ணுவாங்க? பாக்கற எடம், சாப்பிடற எடமெல்லாம் நீயே எழுதிக் குடு, ஜெராக்ஸ் போட்டுடறேன்" என்றார் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர். கம்பெனியில் சரிபார்ப்புக் குறிக்கும் செக் ஷீட் வீணாகிப்போனது இரண்டு கிடைத்தது, அவற்றின் வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்.

வல்லக்கோட்டை முருகன். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிறவர், பார்த்தால் அப்பாவுக்குப் பிடிக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பெருமாள் கோயில், கிடைத்தால் புளியோதரை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, காற்றுக்காக. படப்பையில் ஒரு பிரியாணிக் கடை, அவரோடு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஒரகடத்தில் புதுக் கார்கள் வெள்ளை உறை ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு எட்டும் வரை நிற்கும் மைதானம். இதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார்.

"இன்னாம்மா இது, வண்டி நிறுத்தற எடத்தலாம் எழுதிக்கீற?"

"எங்க ஊர்ல பத்து காரு சேர்ந்தாப்புல நின்னு நான் பாத்ததில்ல. நீங்க சும்மா இருங்க."

சாப்பாட்டில் முதல் இடம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மெஸ் நடத்தும் அக்காவுக்கு. 'எப்போது போனாலும் இட்லி சுடச்சுடக் கிடைக்கும். வடகறி கட்டாயம் சாப்பிடவும்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். காலை டிபனை மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று என் வருங்கால மாமியார் எவ்வளவோ சொன்னார். நான் பிடிவாதமாக மறுத்தேன். இத்தனை வருஷம் என்னை வளர்த்த சாப்பாட்டை அப்பா ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்று ஆசை. அக்காவிடமும் போய், "எங்க ஊர் ஆளுங்க வருவாங்க" என்று சொன்னேன். "வரட்டும், வரட்டும்" என்றாள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளையோ வீட்டுச் சாப்பாட்டிலேயே வளர்ந்தவர். மெஸ் பக்கமே வராதவருக்கு என் தாளில் தப்பு எதுவும் தெரியவில்லை.

நலங்கு எனக்கு விடுதியில்தான் நடந்தது. வீட்டில் எந்தச் சடங்கும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டதால், கூட இருந்த பெண்களே மஞ்சள் அரைத்து, வார்டனின் அறையில் பலகை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருத்தி ஊரிலும் ஒவ்வொரு முறை. அதனால் ஒரே சண்டை. ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள்: நலங்கு வைத்த பெண் வாசல் தாண்டக் கூடாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வேன், செங்கல்பட்டுக்கு முன்னால் டயர் வெடித்து, ஒன்பதரைக்குத்தான் வந்து சேர்ந்தது. பத்து நிமிஷத்தில் அம்மாவின் போன்.

"ஏத்தா, நீ எழுதுன கடை பூட்டிக் கெடக்கு. இங்கன ஒரு ஈ காக்கா இல்ல. வந்துட்டோம்னு நெனச்சு உங்கப்பா எட்டு மணிக்கே சர்க்கரை மாத்திரையப் போட்டுட்டாரு. இப்பக் கை நடுங்குதுங்காரு."

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. நாலு வருஷமாக நான் அக்கா கடைக்குப் போனது காலை ஐந்தரைக்கு, இல்லையென்றால் பகல் இரண்டரைக்கு, இல்லையென்றால் இரவு பத்துக்கு. ஷிப்ட் மாறும் நேரங்கள். அக்கா அந்த நேரங்களுக்குத்தான் அடுப்புப் பற்றவைப்பாள். காலை ஷிப்ட் பஸ் போய், நைட் ஷிப்ட் பஸ் திரும்பி வந்ததும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். பகல் பத்து மணிக்கு அந்தக் கடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இந்த லட்சணத்தில் ஊருக்கு வழி சொல்ல வந்துவிட்டேன்.

செருப்பைத் தேடினேன். என் அறைத்தோழி, தேனிக்காரி, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எங்கயும் போகக் கூடாது. நாங்க போறோம்."

காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டுப் படுத்த பெண்கள் அடுத்த அறையில் இருந்தார்கள். நைட் முடித்து வருகிறவர்கள் வழியிலேயே அக்காவிடம் பொட்டலம் வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டு, தூங்கி எழுந்துதான் சாப்பிடுவார்கள். தேனிக்காரி போய்க் கதவைத் தட்டினாள். "இவ அப்பாவுக்கு மயக்கமா வருதாம். பொட்டலம் இருக்கறவங்க எல்லாம் குடுங்கடி." யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாதித் தூக்கத்தில் கை மட்டும் நீண்டது. பதினொரு பொட்டலம். அந்தப் பதினொரு பேரில் நாலைந்து முகம்தான் இப்போது எனக்கு நினைவிருக்கிறது. ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு அன்றைக்கு அவர்கள் வெறும் வயிற்றோடு தூங்கினார்கள். அவர்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். இதைச் சாமி கும்பிடும்போது இன்றைக்கும் சொல்கிறேன்.

நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அறைத்தோழியும் இன்னும் இரண்டு பேரும் ஓடினார்கள். நடந்ததையெல்லாம் திரும்பி வந்து அவள்தான் சொன்னாள். அப்பா கடை வாசலில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தாராம். ஆறிப்போன இட்லியை வடகறியில் தொட்டு ஒரு பொட்டலம் முழுக்கச் சாப்பிட்ட பிறகுதான் நடுக்கம் நின்றதாம். இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பியதும் வந்த அக்கா, முதலில் எனக்கு ஒரு பாட்டு விட்டாளாம்: "நேரத்த சொல்ல வாணாமா அந்தப் பொண்ணு? மாவு ஒரு கரண்டி இல்ல. சரி, ரவ கீது, குந்துங்க." பொட்டலம் கிடைக்காதவர்களுக்கு அரை மணியில் உப்புமா தயார். நான் அனுப்பிய காசை அவள் வாங்கவில்லை.

அப்பா கடைக்குள் எட்டிப்பார்த்து, "உக்கார எடமே இல்லையே?" என்று கேட்டாராம்.

"உக்கார எங்க சார் நேரம்? பஸ் வந்துரும்ல. தோ, இந்தப் பலகைல தட்ட வெச்சி நின்னுகினே துன்னுதுங்க. உம் பொண்ணும் நாலு வருசமா அப்டித்தான். நாலு நிமிசம், கைய கழுவிகினு ஓடும்."

தேனிக்காரி இதை அக்கா மாதிரியே கையை ஆட்டி நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா மேல் கோபம் வந்தது. வசதியாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று நாலு வருஷமாக போனில் சொல்லி வைத்ததை ஒரே பேச்சில் உடைத்துவிட்டாளே என்று இருந்தது. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் போய் வேனில் ஏறிக்கொண்டாராம்.

பகல் முழுக்க வேன் என் தாளின்படியே சுற்றியது. சித்திமார் கார் மைதானத்தில் இறங்கி, "இம்புட்டு காரையும் யாரு ஓட்டுவா?" என்று அரை மணி நேரம் நகரவில்லையாம். பெருமாள் கோயிலுக்கு நடை சாத்திய பிறகு போய்ப் பூட்டைக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஏரிக்கரையில் எல்லாருக்கும் மீன் வறுவல். அப்பா மட்டும் எந்த இடத்திலும் இறங்கவில்லை, முருகனைப் பார்க்கக்கூட வேனை விட்டு வரவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். எல்லாம் கெட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

மாலை பெண் அழைப்பு முடிந்து வரவேற்புக்காக எங்களை மேடையில் நிறுத்தினார்கள். இரண்டு பக்கத்துச் சொந்தமும் கம்பெனி ஆட்களும் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். நான் கும்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றேன். காலையிலிருந்து என் வயிற்றிலும் ஒன்றும் இறங்கவில்லை. அப்பா மண்டபத்தின் கடைசியில் ஒரு தூணோரம் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் காணோம்.

எட்டு மணி இருக்கும். வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு அப்பா மேடை ஏறினார். ஒரு கையில் மடக்கு நாற்காலி, இன்னொரு கையில் பந்தியிலிருந்து வாங்கிய தட்டு. போட்டோ எடுப்பவரைப் பார்த்து, "கொஞ்சம் பொறுப்பா" என்றார். நாற்காலியை விரித்து எனக்குப் பின்னால் போட்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"உக்காந்து சாப்பிடு" என்றார்.

உட்கார்ந்தேன். பட்டுப்புடவை மேல் தட்டை வைத்துக்கொண்டு, கண்ணீரும் சோறுமாக, அவசரமே இல்லாமல் சாப்பிட்டேன். வரிசை காத்துக்கொண்டிருந்தது. தட்டு காலியாகும் வரை அப்பா என் பக்கத்திலேயே நின்றார்.