பலகையடி ஈரமும் அக்காவின் வெள்ளைத் துணியும்

வெள்ளைத் துணிக்கு எங்கள் வீட்டைக் கண்டாலே ஆகாது. சிவப்பு, பச்சை, பூப்போட்டது எல்லாம் அலுமாரியில் சத்தம் காட்டாமல் கிடக்கும். வெள்ளையை மட்டும் மழைக்காலத்தில் மடித்து வைத்தால் போதும், மடிப்போரத்தில் தேத்தண்ணி தெளித்த மாதிரிப் புள்ளி விழுந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் அக்கா தைப்பதெல்லாம் வெள்ளைத் துணிதான். மாதா கோயிலில் கல்யாணம் கட்டும் பெண்களுக்கு நீள உடுப்பு, முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை, ஞானஸ்நானக் குழந்தைக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு தொப்பி.

வீடு யட்டவத்தப் பாதையில் ஒரு சரிவில் இருக்கிறது. தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவருக்காக எப்போதோ கட்டியது. பின்பக்கம் மண்ணில் உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் நிலம் இறங்குவதால் கருங்கல் தூண்களில் நிற்கும், தூண்களுக்கு நடுவே துவாரம் விட்ட சுவர். அந்த முன்னறைக்குத் தரை பலகை. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் உண்டு. அதைப் பலகையடி என்போம். விறகு, வெறும் சாக்கு, கால் ஒடிந்த கதிரை எல்லாம் அங்கேதான். மழை பிடித்தால் அந்த மண்ணின் ஈரம் பலகை இடுக்கு வழியாக மேலே ஏறும். நெருப்புப்பெட்டி பற்றாது, சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும், ஜெபப் புத்தகம்கூட வீங்கிப் போகும்.

ஆனாலும் வெளிச்சம் விழுவது அந்த அறையில்தான். அதனால் அக்காவின் தையல் மெசின் அங்கே. மிதிக்கிற மெசின். அவளுக்கோ வலது கால் சரியில்லை. சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து உடைந்தது, கோணலாகவே கூடிவிட்டது. பாதைக்கு இறங்கும் படிகளில் அவள் இறங்குவது ஞாயிறு பூசைக்கு மட்டும். டவுனில் கடை எடுத்துத் தைக்கலாமே என்று சொல்பவர்களை அந்தப் படியில் ஒரு நாள் நொண்டிக்கொண்டு ஏறச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், இதைச் சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் கல்யாண உடுப்பு ஒன்றை வாங்க மணப்பெண்ணின் அம்மா வந்தார். விரித்துப் பார்த்தார், கீழ்க்கரையில் புள்ளி. பிறகு மூக்கருகே பிடித்தார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"நான் ஒன்னும் சொல்லல தங்கச்சி. புள்ள மனசு நொந்துடும்னுதான் பாக்குறேன்" என்றார் அக்காவிடம்.

அக்கா தேசிக்காயும் உப்பும் தேய்த்து, அலசி, இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அன்றைக்கு அவள் சோற்றில் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு கோயில் வாசலில் பேச்சுக் கிளம்பிவிட்டது. அந்த வீட்டுத் துணியில் ஒரு வாடை வருகிறதாம். ஆட்கள் குறைந்தார்கள். அடுத்த முதல்நன்மைக்குச் சில சட்டைகள்தான் தைக்க வந்தன.

"இந்தத் தடவையும் புள்ளி விழுந்தா மெசின மூடிர்றேன்" என்றாள் அக்கா. அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

கொத்து வேலை பார்க்கும் மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் பலகையடியில் நுழைந்து, முழங்கையெல்லாம் சேறாக வெளியே வந்தார். மண் முழுவதும் தடிப்பான பொலித்தீன் விரித்து, ஒட்டுக்களை நாடாவால் ஒட்டி, ஓரத்தைச் சுவரில் ஏற்றிச் சீமெந்து பூச வேண்டும். காற்றோட்டத்துக்கு விட்ட துவாரங்கள் வழியாக மழைக்காலத்துச் சாரல் காற்று உள்ளே வருவதால் அவற்றையும் அடைக்க வேண்டும். மேட்டுப் பக்கத்தில் ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டுச் செலவையும் சொன்னார். அக்கா மோட்டார் மெசினுக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அப்படியே போய்விடும். அந்தக் காலோடு மிதிக்க வேண்டாமே என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்ட மெசின்.

அத்தான் லொறி ஓட்டுகிறார். நாவுலயிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுவார். நல்ல மனிதர், ஆனால் காசு விஷயத்தில் கல்லு.

"மண்ணுக்குப் போர்வ போத்தி விடுறதுக்கா சீட்டுக் கட்டுன?" என்று கேட்டார்.

"ஆமாங்க. பாவம், குளிர்ல நடுங்குது" என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடியே.

அதோடு பேச்சு முடிந்தது. என் அக்காவிடம் எனக்குப் பிடித்தது இதுதான். கத்த மாட்டாள், அழ மாட்டாள், எடுத்த முடிவை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். அத்தானும் முணுமுணுத்துக்கொண்டே தம்புள்ளையிலிருந்து கறுப்புப் பொலித்தீன் சுருளை லொறியில் கொண்டுவந்து இறக்கினார். தோட்டக்காரர்கள் தண்ணீர்க் குழிக்கு விரிக்கிற வகை, கையால் இழுத்தால் கிழியாது.

பாஸ் நன்றாகத்தான் செய்தார். ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் ஓரத்தின்மேல் ஒன்றை ஏற்றி விரித்தார். தூண்களைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினார். வேலை முடிந்ததும் அக்கா, அந்தக் காலை இழுத்துக்கொண்டு, டோர்ச்சோடு உள்ளே தவழ்ந்து போனாள். "அடியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று நான் வெளியே நின்று கத்தினேன். ஒவ்வொரு ஒட்டையும், தைத்த துணியின் மூட்டைப் பார்ப்பது போல், விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

மழை தொடங்கியது. தைக்கிற மேசைக்குக் கீழே ஆணியில் ஒரு வெள்ளைத் துணித் துண்டைத் தொங்கவிட்டாள். அதில் புள்ளி விழுந்தால் தெரிந்துவிடும். காலையில் எழுந்ததும் ஜெபத்துக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பாள். நானும் வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டே பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஒரு காலையில் புள்ளி இருந்தது. பலகையில் கை வைத்தால் முன்னைவிடக் குளிர்ந்து ஈரமாக இருந்தது.

"நான் சொன்னேன்ல" என்றார் அத்தான். அவர் முகத்தைப் பார்த்தால் ஜெயித்தவர் முகமாகவும் இல்லை. நான் பாஸுக்கு ஃபோன் போட்டு நாலு வார்த்தை கேட்கப் போனேன். அக்கா ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி பலகையடிக்குப் போனாள். இந்தத் தடவை நானும் பின்னாலேயே தவழ்ந்தேன்.

பொலித்தீன் அப்படியே இருந்தது. அவள் ஓர் ஒட்டின் நாடாவை உரித்து, ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அடிப்பக்கம் வியர்த்திருந்தது, மண்ணின் ஈரம் மேலே வரவில்லை. ஆனால் பொலித்தீனின் மேல்பக்கமும் முத்து முத்தாக நீர். டோர்ச்சை அப்படியே திருப்பினாள். எதிரே, பலகையை முட்டுகிற உயரத்துக்கு, எங்கள் விறகு.

மிளகுக்கொடி ஏறும் மரங்களில் கழித்த கிளைகள், பச்சையும் ஈரமுமாக. பாஸ் போன அன்றைக்கே மூன்று பேரும் சேர்ந்துதான் அடுக்கினோம். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்து விறகு வேறெங்கே காயும்? எல்லா வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் என்றைக்கும் அப்படித்தான். யாருக்கும் ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை. மண்ணின் ஈரத்தை அவ்வளவு செலவழித்துப் பூட்டினோம். பிறகு துவாரங்களையும் அடைத்து, ஒரு லொறி ஈரத்தை நாங்களே உள்ளே வைத்துப் பூட்டினோம்.

எனக்கு அழுகை வந்தது. அக்கா அந்த இருட்டில், சேறில்லாத சுத்தமான பொலித்தீனில் மல்லாந்து படுத்துச் சிரித்தாள். பலகைக்கு மேலே நின்ற அத்தான், "என்னடி அங்க சிரிப்பு?" என்று கேட்டார்.

விஷயம் தெரிந்ததும் அவரே கீழே இறங்கி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விறகு முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டார். குசினிச் சுவரோரம் நாலு கம்பு நட்டு, தகரம் போட்டு, விறகுக்கென்று தனியாக ஒரு கொட்டில் கட்டினார். பொலித்தீனைச் சாக்கால் துடைத்ததும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகவில்லை. அந்த மனிதரைப் பற்றி அதுவரை நான் பேசிய பேச்செல்லாம் ஞாபகத்துக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஆணியில் அக்கா புதுத் துண்டொன்றைத் தொங்கவிட்டாள். மழை விடவே இல்லை. துண்டு வெள்ளையாகவே இருந்தது. உப்பு கட்டி பிடிக்காமல் உதிர்ந்தது, நெருப்புக்குச்சி ஒரே உரசலில் பற்றியது.

முதல்நன்மைக்கு முந்திய வாரம், முன்பு கல்யாண உடுப்பு வாங்கிய அதே அம்மா வந்தார். சின்ன மகளின் சட்டையை வேறு யாரிடமும் கொடுக்க முடியாமல், அரைமனதோடு கொடுத்திருந்தார். சட்டையை விரித்தார், கரையைத் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். கடைசியில் மூக்கருகே கொண்டுபோனார். மெசினில் அக்காவின் கால் நின்றுவிட்டது. நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, எங்க அண்ணன் மகளுக்குத் தை மாசம் கல்யாணம். துணிய இங்கயே கொண்டாந்து குடுத்துறவா?" என்றார் அவர்.

"கொண்டாங்கக்கா. கொஞ்சம் முன்னக்கூட்டியே கொண்டாங்க. இது மிதிக்கிற மெசின்" என்றாள் அக்கா.

அவர் படியிறங்கிப் போன பிறகு அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மோட்டார் மெசினை அந்த மண்ணில் புதைத்துவிட்டோமே, கவலையாக இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"மோட்டார் வாங்கியிருந்தா, புள்ளி விழுந்த உடுப்ப இன்னும் வேகமாத் தைச்சிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு, அந்தக் காலைத் தூக்கி மெசினில் வைத்து மிதிக்கத் தொடங்கினாள்.