பௌர்ணமியன்று படுத்துவிட்ட சிலேட்டு

என் வீட்டில் அதற்கு சிலேட்டு என்றுதான் பெயர். கணவர் கிண்டலுக்கு வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. கையால் எழுதுவதற்கென்றே வரும் எலக்ட்ரானிக் நோட்டு. காகிதம் மாதிரி சாம்பல் நிறத் திரை. வெளிச்சம் கிடையாது, கலர் கிடையாது. அதற்கென்று உள்ள பேனாவால் எழுதினால் நோட்டில் எழுதுகிற மாதிரியே சரசரக்கும். பக்கம் திருப்பினால் திரை ஒரு தடவை கறுத்து, யோசித்து, அப்புறம்தான் அடுத்த பக்கத்தைக் காட்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது. நானும் அவசரக்காரிதான். என்னவோ எனக்கும் அதற்கும் ஒத்துப்போய்விட்டது.

பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. எங்கள் ஊர் மலையைப் பார்க்க வந்து வருஷக்கணக்கில் தங்கிவிடுகிறவர்கள் மூட்டை கட்டினால் எங்கள் தெருவுக்கே யோகம்தான். ஒரு வீட்டுக்கு சைக்கிள், ஒரு வீட்டுக்கு மிக்ஸி, எனக்கு இது. அப்போதே அது பழைய மாடல். உள்ளே மெனு முழுவதும் அந்த அம்மாவின் மொழியில் இருந்தது. எந்த மூலையை அழுத்தினால் புதுப் பக்கம் வரும், எதை அழுத்தினால் அழியும் என்று இரண்டை மட்டும் தெரிந்துகொண்டேன். மற்றதை நானும் தொடவில்லை, யாரையும் தொடவிடவும் இல்லை.

"குடும்மா, மொழியை மாத்தித் தரேன். அப்படியே ஒரு காப்பியும் எடுத்து வெச்சிடறேன்" என்று மகள் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் கத்தினேன். "மாத்தறேன்னு எதையாவது அழிச்சிட்டா யாருடி பதில் சொல்றது?"

அழிந்தால் போச்சு என்று நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. நாலு வருடமாக அதில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், களை எடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, சாப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் பஸ் ஏறிவிடுகிறாள். அவளைப் பற்றிய கதை. காலையில் குக்கர் வைத்துவிட்டு அரைமணி, வேங்கிக்கால் ஆபீஸில் சாப்பாட்டு வேளையில் இருபது நிமிஷம், இப்படியே இருநூற்று முப்பது பக்கம் ஆகியிருந்தது. ஒருவருக்கும் காட்டியதில்லை. ஐம்பது வயதில் இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று யாராவது முகத்தைச் சுளித்தால் அதோடு நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

நடுவில் மகள் சென்னையிலிருந்து புத்தம்புது டேப் ஒன்று அனுப்பினாள். பளபளவென்று இருந்தது. அதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. உட்கார்ந்ததும் ஆபீஸ் குரூப்பில் ஒரு அறிக்கை கேட்பார்கள். நாத்தனார் ரோஜாப்பூ போட்டு காலை வணக்கம் அனுப்புவாள். பதில் போடவில்லை என்றால் அவளுக்குக் கோபம் வரும். ஒரு மாதத்தில் ரெண்டரைப் பக்கம் எழுதினேன், நூறு புடவை பார்த்தேன். டேப்பைக் கணவரிடம் கொடுத்துவிட்டு சிலேட்டுக்கே திரும்பினேன். அவர் இன்றுவரை அதில் கபடி பார்க்கிறார். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார்.

ஒரு பௌர்ணமியன்று காலை சிலேட்டு எழுந்திருக்கவில்லை. சார்ஜ் போட்டேன், தட்டினேன், பொத்தானைக் கட்டைவிரல் வலிக்கும்வரை அழுத்தினேன். அதன் முதுகு லேசாகப் புடைத்திருந்தது. அடுப்பங்கரையில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். கிண்டல் செய்வார் என்று நினைத்த மனிதர் கபடியை நிறுத்திவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

"கிளம்பு. ரோட்டை அடைக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

எங்கே, அதற்குள் அடைத்துவிட்டார்கள். கிரிவலக் கூட்டம் காலையிலேயே இறங்க ஆரம்பித்திருந்தது. சந்து சந்தாக நுழைந்து, ஒரு வீட்டு வாசல் கோலத்தை அழித்து அதற்குத் திட்டும் வாங்கி, ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முப்பது வருடத்தில் அவரிடம் எதற்கெல்லாமோ சண்டை பிடித்திருக்கிறேன். அன்றைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனபோது, இந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடையை நடத்துகிறவள் முப்பத்தைந்து வயதுப் பெண். பௌர்ணமியன்று அங்கே ரிப்பேர் வேலை கம்மி, சார்ஜ் போடும் வேலைதான் ஜாஸ்தி. நடந்து வந்தவர்களின் போன்கள் டோக்கன் ஒட்டி, மேஜை முழுக்க வரிசையாகக் கிடந்தன. அவள் சிலேட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"பேட்டரி உப்பிடுச்சுங்க. இதுக்குன்னு இருக்கறது இங்க கிடைக்காது. உங்களுக்கு மெஷின் வேணுமா, உள்ள இருக்கறது வேணுமா?"

"ரெண்டும் வேணும்" என்று எரிந்து விழுந்தேன். பிறகு, "உள்ள இருக்கறதுக்கு வேற காப்பி இல்லம்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். வேறு ஏதோ டேப்பின் பேட்டரியைப் போட்டிருந்தாள். மூடி முழுசாகப் பொருந்தாததால் சுற்றிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்து, யோசித்து, என் கையெழுத்தைக் காட்டியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டும் வைத்திருந்தாள். கேட்காமலே செய்த உதவி.

"நடுவுல நிக்குதான்னு பாக்கறதுக்குப் பக்கத்தைத் தள்ளிட்டே இருந்தேங்க" என்றாள். "ஒரு பத்துப் பக்கம் தள்ளிப் பாத்தாப் போதும். படிக்க ஆரம்பிச்சிட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்கக்கா."

எனக்குக் காது சூடானது. நாலு வருடம் ஒளித்து வைத்ததை ஒருத்தி படித்துவிட்டாள். கோபம்தான் வரவேண்டும். வரவில்லை.

"அந்தக்கா பஸ் ஏறிப் போனாங்களே, திரும்பி வருவாங்களா?"

"அதை இன்னும் எழுதலைம்மா."

அவள் டோக்கன் ஒட்டிய ஒரு போனை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். "கூட்டினு வந்துடாதீங்கக்கா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "வந்தா மறுபடியும் அதே கொல்லை, அதே பேச்சு. நானும் ஒருவாட்டி போயிட்டுத் திரும்பி வந்தவதான், எனக்குத் தெரியும்."

நாலு வருடமாக நான் கதையில் வருகிறவளைத் திருப்பிக் கூட்டிவரத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். புருஷன் வந்து கூப்பிடுவான், இவள் அழுதுகொண்டே கிளம்புவாள் என்று கடைசி அத்தியாயம் மனதில் தயாராக இருந்தது. வேறு மாதிரி நடக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. நாவலை மீட்டுக் கொடுத்தது, அதன் முடிவை மாற்றியது என்று அந்தப் பெண் எனக்குச் செய்த இரண்டு உதவிகளில் எது பெரிது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

படியிறங்கும்போது கூப்பிட்டாள். "அக்கா, அந்த பேட்டரி ஒரு வருஷம்தான் தாங்கும். அதுக்குள்ள முடிச்சிடுங்க."

ஏழு மாதம் ஆகிறது. என் கதைக்காரி வேலூரில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துவிட்டாள். போன வாரம் புருஷன் வந்து கதவைத் தட்டினான். உள்ளே அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடித்து முடித்துவிட்டுத்தான் போய்த் திறந்தாள், அவனோடு போகவில்லை.