கார்ப் பூட்டைக் கழற்றிய அன்று

அப்பா இறந்த பிறகும் எங்கள் வேப்பமரத்தடியில் நின்ற காரை விட்டு இறங்கவில்லை என்பது ஏழு வயதில் என் உறுதியான எண்ணம். பாளையங்கோட்டையில் அவர் வாடகைக்கு ஓட்டிய கறுப்புக் கார் அது. முக்கூடலில் சவாரியை இறக்கிவிட்டு மழையில் திரும்பியவர், வழியில் காரை நிறுத்திவிட்டு ஆற்றில் இறங்கியிருக்கிறார். உடல் கீழே தடுப்பணையில் கிடைத்தது. சாவி கிடைக்கவில்லை. காரை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

ஊர் வாயை மூடவா முடியும்? "நல்லா ஓடுத வண்டிய நிறுத்திட்டு, சாவியையும் எடுத்துக்கிட்டு, வெள்ளத்துல எதுக்குவே எறங்குதான்? தானாப் போயிட்டான்" என்று முடிவு கட்டினார்கள். பெரியப்பாவும் அதை நம்பினார். இறந்தவர்களுக்கு அமாவாசையன்று நடுவீட்டில் இலை போட்டு, வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுவது எங்கள் குடும்ப வழக்கம். தானாக உயிரை விட்டவர்களுக்கு அது கிடையாது. அப்பாவுக்கு இலை கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. அமாவாசை வந்தால் அவளும் பட்டினி கிடப்பாள்.

அப்படியானால் பசியோடு அப்பா எங்கே போவார்? காரில்தான் இருப்பார். ஆள் அரவமில்லாத உச்சி வெயிலில் கார் 'டொக்'கென்று சத்தம் போடும். தகரம் சூட்டில் விரிகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் அப்பாவின் இருக்கை மட்டும் பள்ளமாக இருக்கும். முன்கண்ணாடியில் வைப்பர் இரண்டும் பாதியிலேயே நின்றன. எனக்குக் கிடைக்கும் முறுக்கில் பாதியை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே போடுவேன். மறுநாள் அது இருக்காது. எலி என்ற பிராணியை நான் நினைத்தே பார்க்கவில்லை.

காரை விற்றுவிடலாம் என்று பெரியப்பா பேட்டையிலிருந்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தார். சாவி இல்லாததால், வண்டியைக் கிளப்பச் சாவி போடும் பூட்டையே கழற்றி வேறு மாட்ட வேண்டுமாம். அவர் அப்பாவின் இருக்கையில் போய் உட்கார்ந்தார். அப்பாவின் மடிமேல் அல்லவா உட்கார்கிறார்! அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

மெக்கானிக் தான் கொண்டுவந்த பேட்டரியை முதலில் மாட்டினார். பிறகு குனிந்து எதையோ திருகி, பூட்டை உருவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதிலிருந்த ஒயர்களைப் பிரித்து இரண்டை ஒட்டினார். அவ்வளவுதான், நின்றுபோயிருந்த வைப்பர்கள் அசைந்தன. பொட்டு மழை இல்லாத வெயிலில், காய்ந்த கண்ணாடியைக் கரக் கரக்கென்று துடைத்தன. "முருகா!" என்று பெரியப்பா செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறினார். அப்பா கார் ஓட்டுகிறார் என்று நான் கத்தினேன்.

"பயப்படாதிய அண்ணாச்சி. வைப்பரை அணைக்காமலே வண்டிய நிறுத்தியிருக்காரு" என்று மெக்கானிக் ஒயரைப் பிரித்தார். மடியிலிருந்த பூட்டை வெளிச்சத்தில் பார்த்தவர், கம்பியால் நோண்டி ஒரு துண்டை வெளியே இழுத்தார். "இங்கன பாருங்க. திரும்பக் கெளப்பையில சாவி முறிஞ்சு உள்ளயே கெடக்கு. பொறவு வண்டி எப்படிக் கெளம்பும்?"

அம்மாதான் கேட்டாள்.

"அத்தான், வண்டி நின்ன எடத்துக்கு அக்கரையில என்ன இருக்கு?"

"ஒர்க்‌ஷாப்பு" என்றார் பெரியப்பா. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மெக்கானிக்கைக் கூப்பிடல்லா எறங்கியிருக்கான். பாவி நான், என்ன சொல்லிட்டேன்!"

"எல நறுக்கித் தாங்க அத்தான்" என்றாள் அம்மா.

அன்று அமாவாசைகூட இல்லை. சோறு, அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம் எல்லாம் நடுவீட்டு இலைக்கு வந்தன. "ஏட்டி, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்றாள். வாசலில் நின்று கூப்பிட வேண்டும் என்பது தெரிந்தும் நான் ஓடிப்போய்க் காருக்குள் ஏறினேன். பூட்டு இருந்த இடத்தில் இருட்டாக ஒரு வட்ட ஓட்டை. அதில் வாயை வைத்து, "அப்பா, சாப்பிட வாங்க" என்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"அப்பா கார்ல இல்லம்மா."

"இருக்க மாட்டாக ஏட்டி. வீட்டுக்குள்ள வந்துட்டாக" என்று சொல்லி, அத்தனை மாதமும் அழாத அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான் இலையைப் பார்த்தேன். வைத்த சோறு வைத்தபடி இருக்க, ஆவி பறந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் பசித்திருந்தவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, இதில் அம்மாவுக்கு என்ன சந்தோஷம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.