தெல்தோட்டைப் போறணையும் வராத கேஸ் கப்பலும்

போன சனிக்கிழமை நான் தெல்தோட்டைக்குப் போனது இயற்கைக் காட்சி பார்க்க அல்ல. அங்கே பேக்கரி வைத்திருக்கும் என் தங்கை கணவர் சேவியர், பாண் சுடும் விறகு அடுப்பான போறணையை இடிக்கப்போவதாக முதல் நாள் தங்கை போனில் சொன்னாள். கொழும்புத் துறைமுகத்தில் திரவ இயற்கை எரிவாயு இறக்கும் முனையம் வரப்போகிறதாம், கேஸ் மலிந்துவிடுமாம், இனி கேஸ் அடுப்பில்தான் பாண் சுடுவாராம். எந்த மடையன் சொன்னானோ என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் காலை 6.40க்கு பஸ். கலஹா வழியாக ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணித்தியாலம், டிக்கெட் 180 ரூபாய். ஜன்னலோரம் பிடியுங்கள். எனக்குக் கிடைத்தது டயருக்கு மேலே உள்ள சீட். இருபத்தாறு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவனுக்கு எப்போதும் அப்படித்தான். அதிபர் கதிரையும் எனக்குப் பிறகு வந்தவனுக்கே போனது.

டவுனிலிருந்து பேக்கரிக்கு ஓட்டோ 200. "பாண் வாங்கவா சார்? இன்னைக்குக் கெடையாது," என்றார் ஓட்டோக்காரர். "தொறமுகம் கொழும்புல, புழுதி இங்க!"

மேசன் அதற்குள் போறணையின் முன்வாயைப் பெயர்த்திருந்தார். வளைவு மட்டும் நின்றது. நிறுத்தச் சொன்னேன். முனையம் இன்னும் யோசனைதான். வந்தாலும் அந்த வாயு மின் நிலையங்களுக்கு. சிலிண்டரில் வருவது வேறு வாயு. எல்லாம் விளக்கிவிட்டு, "யார் உங்களுக்கு இதைச் சொன்னது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் மச்சான்," என்றார் சேவியர். "எங்க சின்ன மக கோயில்ல புதுநன்மை வாங்கின அன்னைக்கு, விருந்துல. கப்பல் வரட்டும், வெறக சீண்ட ஆள் இருக்காதுன்னீங்க."

நினைவு வந்தது. அன்று கடைக்கார உறவினர் ஒருவர் வாத்தியார் சம்பளத்தைக் கிண்டலடித்தார். அவர் வாயை அடைக்க, உண்மையல்ல என்று தெரிந்தே அளந்துவிட்டேன்.

"அது சும்மா சொன்னது."

"படிச்சவரு சும்மா சொல்வீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தங்கை தேநீரை நீட்டினாள். "என் பேச்ச ஒருத்தனும் கேக்குறதில்லன்னு பொலம்புவீங்களே அண்ணே. கேட்ட ஆளப் பாருங்க."

சட்டையைக் கழற்றிவிட்டு, முன்வாயைத் திரும்பக் கட்ட மேசனுக்கு நான்கு மணி வரை செங்கல் எடுத்துக் கொடுத்தேன். "சார், ஒடைஞ்சதத் தராதீங்க," என்று மேசன் இரண்டு முறை சொன்னார்.

திரும்ப 4.15 பஸ்ஸைப் பிடியுங்கள். பிந்தினால் கலஹாவரை நின்றபடிதான். சாந்து காய ஒரு வாரம் வேண்டுமாம். அதற்குப் பிறகு போனால் விறகுச் சூட்டில் வெந்த பாண் கிடைக்கும். சேவியர் உங்களிடமும் கேஸ் கப்பலைப் பற்றிக் கேட்பார். தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள். உறுதியாக எதைச் சொன்னாலும் மனுஷன் நம்பிவிடுவார்.