போர்வைக்காரியின் புதுப் போர்வை

போர்வைக்காரி என்ற பெயர் அவளுக்கு மொட்டை மாடிகளில் வந்தது. சோலார் பேனல் மாட்டுகிற மற்ற ஆட்கள் ஸ்பேனரும் ஸ்க்ரூவும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினால், இவள் தோளில் ஒரு கறுப்பு மூட்டையோடு ஏறுவாள். அவிழ்த்தால் உள்ளே லாரி மூடுகிற தடித்த கித்தான், அதுவும் இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தது. ஒயரில் கை வைக்கும் முன் அதை விரித்து பேனல் மொத்தத்தையும் போர்த்தி, ஓரங்களை இழுத்துக் கட்டிவிடுவாள்.

"என்னக்கா, பேனலுக்குக் குளிருதா?" என்று பக்கத்துக் குழுக்காரர்கள் வம்புக்கு இழுப்பார்கள்.

"ஆமா, தாலாட்டும் கேக்குது. வந்து பாடிட்டுப் போ," என்பாள் இவள், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே.

கேலி செய்கிறவர்களுக்கு என்ன, பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டு மின்சாரத்துக்கு மெயின் சுவிட்ச் இருக்கிறது, தட்டினால் அடங்கிவிடும். பேனலிடம் அந்தப் பாச்சா பலிக்காது. கீழே இருக்கும் சுவிட்சை அணைத்தால் அதற்கு அந்தப் பக்கம்தான் மின்சாரம் நிற்கும். பேனலிலிருந்து சுவிட்ச் வரை இறங்கி வருகிற இரண்டு ஒயரிலும் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் உயிர் இருந்துகொண்டே இருக்கும். எட்டு பேனலை வரிசையாகக் கோத்துவிட்டால் ஒரு ஆளைச் சுருட்டிப் போட அது தாராளம். சூரியனை அணைக்க யாரிடம் சுவிட்ச் இருக்கிறது?

அவள் முதலில் ஒரு ஃபேன் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள். கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். சோலார் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றபோது, மேஸ்திரி இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏணியைக் காட்டினார். இவள் ஏறி, இறங்கி, "இன்னொரு வாட்டி ஏறணுமா?" என்று கேட்டாள். வேலை கிடைத்தது. அந்த வருஷமே, கூட வேலை பார்த்த ஒருவன் நல்ல வெயிலில், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயர் இணைப்பைப் பிடுங்கினான். நீலமாக ஒரு தீ பாய்ந்ததைத்தான் இவள் பார்த்தாள். உயிர் தப்பித்துவிட்டான், விரல்கள் தப்பவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, கித்தான் வாங்கி வந்து தைத்துக் கொடுத்தவர் அவள் புருஷன். வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிற கடை வைத்திருப்பவர்.

அதற்குப் பிறகு அவள் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தாள். துணைக்குக் கொழுந்தன். அவனை வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் கூப்பிடுவது ரேடியோ என்றுதான். காலையில் கண்ணைத் திறக்கும்போதே வாயும் திறந்துவிடும். கையைக் கட்டிவிட்டால் அவனுக்குப் பேச்சு வராது என்பது அவன் அண்ணனின் கணக்கு. அப்படிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான். வேலையில் கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு கெட்ட பழக்கம். ஒயரின் மேல்தோலைப் பல்லால் கடித்து உரிப்பான். உரிக்கிற கருவி இடுப்புப் பையில் பளபளவென்று இருக்கும். கையுறையும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

"ஏன் தம்பி, நீ என்ன எலியா?" என்று அவள் திட்டியிருக்கிறாள்.

"பல்லு கூடவே பொறந்தது அண்ணி. கருவி கடையில வாங்கினது. எத நம்புறது?" என்பான்.

திட்டித் திட்டி அவளுக்கும் அலுத்துவிட்டது. போர்வைதான் போட்டிருக்கிறோமே என்று விட்டுவிட்டாள். ஆரம்பத்தில் போர்த்தி முடித்ததும் மீட்டரை வைத்துப் பார்ப்பாள். முள் அசையாது. எத்தனை தரம் பார்த்தாலும் அசையாது. அசையாத முள்ளை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? மீட்டர் மெல்ல மெல்லப் பையின் அடிக்குப் போய்விட்டது.

அன்றைக்கு ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் வேலை, எட்டு பேனல். பழைய ஆட்கள் ஒரு கம்பெனி கனெக்டரில் இன்னொரு கம்பெனி கனெக்டரைச் சொருகி, ஏதோ நுழைந்துவிட்டது என்று போயிருக்கிறார்கள். பேனலிலிருந்து கீழே இறங்கும் இரண்டு ஒயரிலும் அந்த இணைப்பு சூடாகிச் சூடாகி உருகிப் போயிருந்தது. நல்ல காலம், தீப்பிடிக்கவில்லை. கீழே சுவிட்சை அணைத்து, யாரும் போடாதபடி பூட்டும் போட்டாயிற்று. இருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார்கள். அந்த விஷயத்தில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

மூட்டையை அவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே இருந்தது பழைய கித்தான் இல்லை. வெள்ளி நிறத்தில் பளபளவென்று புத்தம் புதிதாக ஒரு போர்வை. ஓரமெல்லாம் மடித்துத் தையல், மூலைக்கு மூலை பித்தளை வளையம், அதில் நாடா. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

"காலையில மூட்ட ஏன் இவ்வளவு லேசா இருக்குன்னு கேக்கலியே நீங்க," என்றான் ரேடியோ, பல்லெல்லாம் தெரிய. "அண்ணன் ஒரு மாசமா ஒளிச்சு வெச்சுத் தைச்சாரு. தண்ணி ஊத்திப் பாத்தாரு, ஒரு சொட்டு ஒழுகல. தீக்குச்சி வெச்சாரு, பத்தல. என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி இழுத்தாரு, நான்தான் விழுந்தேன். உங்க தோள்வலிக்காக அண்ணி. உங்ககிட்ட சொல்லாதடான்னு சொன்னாரு, நானும் சொல்லலியே. எனக்கே ஆச்சரியமா இருக்கு."

ரேடியோவே ரகசியம் காத்திருக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் இவள் தோளில் தைலம் தேய்த்துக்கொள்ளும்போது புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காதவர் செய்த வேலையைப் பார் என்று நினைத்தாள். சந்தோஷத்தில் புத்தி கொஞ்சம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

வழக்கம்போல் போர்த்தினார்கள். ரேடியோ தன் மூலையில் உட்கார்ந்து உருகிய இணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தான். கூடவே கதையும் ஓடியது. எதிர்வீட்டுக்காரர் புது பீரோ வாங்கி வந்தாராம், அது வாசலில் நுழையவே இல்லையாம். சட்டென்று பேச்சு நின்றது. ஒயர் வாய்க்குப் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் தூர மூலையைக் கட்டுவதற்காகப் போர்வைக்கு அடியில் தவழ்ந்து போனாள். நாடா எளிதாகக் கையில் வந்தது. முடிச்சும் ஒரே தடவையில் விழுந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டே தலையைத் திருப்பினாள். பேனலின் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர். பொடி எழுத்து. "வெளிச்சத்தில் இருக்கும்போது இணைப்புகளைத் தொடாதீர்கள்." படித்துவிட்டு நகரப் போனாள்.

படித்தாளா? எப்படிப் படித்தாள்?

பழைய கித்தானுக்கு உள்ளே போனால் தன் கையே தனக்குத் தெரியாது. தடவித் தடவித்தான் முடிச்சுப் போடுவாள். இங்கே பொடி எழுத்தைப் படிக்கிறாள், விரல் ரேகை தெரிகிறது. தண்ணீர் புகாத, தீப்பற்றாத, கிழியாத அந்தப் போர்வைக்குள் வெளிச்சம் தாராளமாகப் புகுந்து வந்துகொண்டிருந்தது. பேனல் தூங்கவில்லை. எட்டும் முழித்துக்கொண்டு இருந்தன.

தலையை வெளியே நீட்டினாள். ரேடியோ அவளைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தான். ஒரு ஒயரை உரித்து முடித்திருந்தான். செம்பு மின்ன அதை இடது கை விரலிடுக்கில் பிடித்திருந்தான். இன்னொரு ஒயரின் முனை வலது கையில், பல்லுக்குப் பக்கத்தில். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். நடுவில் அவன்.

கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கத்தினால் திடுக்கிடுவான். திடுக்கிட்டால் இரண்டு கையும் ஒன்றாகச் சேரும், இல்லை பல் இறுகும். ஓடிப்போய் இழுக்கலாமென்றால் இவள் பாதி தூரம் போவதற்குள் அவன் கடித்திருப்பான். இவனுக்கு ஏதாவது ஆனால் அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் தம்பியை, அவர் தைத்த போர்வைக்கு அடியில்...

"ரேடியோ," என்றாள், ஒன்றுமே நடக்காத குரலில். "அந்த பீரோ எவ்வளவு பெருசுன்னு சொன்ன?"

பல்லுக்குப் போன ஒயர் நின்றது.

"அதக் கேளுங்க அண்ணி," என்றான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வாசல் இவ்வளவுதான்..." என்று கையைத் தூக்கப் பார்த்தான். ஒயர் இடைஞ்சலாக இருந்தது. வலது கை ஒயரை அந்தப் பக்கம் போட்டான். இடது கையில் இருந்ததை இந்தப் பக்கம் போட்டான். இரண்டு கையையும் முடிந்த மட்டும் விரித்தான். "பீரோ இவ்வளவு."

"கைய அப்படியே வெச்சுக்க. மடக்காத. அப்படியே எழுந்து பின்னால போ தம்பி."

"ஏன் அண்ணி?"

"போன்னு சொன்னேன்."

அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. கையை விரித்தபடியே எழுந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனான். அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டி, அடியில் கிடந்த மீட்டரை எடுத்து, கையுறை மாட்டி, இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தாள். முள் எழுந்து முந்நூறு வோல்ட்டைத் தாண்டிப் போய் நின்றது. அவனிடம் திருப்பிக் காட்டினாள்.

ரேடியோ பார்த்தான். முள்ளைப் பார்த்தான், வெள்ளிப் போர்வையைப் பார்த்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்து, சட்டை நுனியால் உதட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் தெரிந்த யாரும் இதை நம்பப் போவதில்லை.

"மேல என்ன சத்தமே காணோம்?" என்று ரொட்டிக்கடைக்காரர் கீழேயிருந்து கேட்டார். "ரேடியோ ரிப்பேரா?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் வேலையை முடித்தார்கள். பேனலுக்கும் பேனலுக்கும் இடையே இருந்த இணைப்புகளைக் கையுறையோடு ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசையைத் துண்டு துண்டாகப் பிரித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, கருவியால் ஒயரை உரித்து, ஒரே கம்பெனி கனெக்டராகப் போட்டார்கள். எல்லாம் எப்போதும் தெரிந்த வேலைதான்.

திரும்பும் வழியில் ரேடியோ முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அண்ணன்கிட்ட சொல்ல வேணாம் அண்ணி. தாங்க மாட்டாரு. பழசையே எடுத்துக்கலாம், புதுசு கிழிஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

அவளுக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. அவ்வளவு ஆசையாகத் தைத்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? கடை வாசலுக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கடைக்குள் மெஷினில் இன்னொரு வெள்ளிப் போர்வை பாதித் தையலில் கிடந்தது.

"வந்துட்டியா?" என்று அவர் எழுந்து வந்தார். முகத்தில் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு. "எப்படி? தோள் வலிக்குதா? உன்னைக் கேலி பண்ணுவானுங்களே, அந்தக் குழுக்காரனுங்க நான் தைக்கறதப் பாத்துட்டு அவனுங்களுக்கும் ஒண்ணு வேணுமாம். நாளைக்குத் தரேன்னு சொல்லிட்டேன்."

அவள் ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ தரையைப் பார்த்தான்.

"கொஞ்சம் வெளிய வாங்க," என்றாள்.

கடை வாசலில் சாயங்கால வெயில் விழுந்திருந்தது. புதுப் போர்வையை எடுத்துத் தன் தலையோடு சேர்த்து அவர் தலையிலும் போட்டாள். "என்ன இது, கல்யாணம் ஆன புதுசுலகூட இப்படிப் பண்ணினதில்லையே நீ," என்று அவர் உள்ளே சிரித்தார். அவர் சட்டைப் பையிலிருந்த ரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"படிங்க."

"குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்," என்று அவர் பெருமையாகப் படித்தார். "பாத்தியா, எழுத்து எவ்வளவு பளிச்சுன்னு... வெளிச்சம் படாமல்..."

குரல் அங்கேயே நின்றது. அவர் நிமிர்ந்து போர்வையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சோலார்க்காரியின் புருஷனுக்கு அதற்கு மேல் சொல்லித் தர வேண்டியதில்லை.

"யாரு ஒயரைப் பிடிச்சிருந்தது?"

"நான் மீட்டரே வெச்சுப் பாக்கலீங்க," என்று மட்டும் சொன்னாள். "பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"யாருன்னு கேட்டேன்."

"நான்தாண்ணே," என்று போர்வைக்கு வெளியே இருந்து குரல் வந்தது.

அவர் போர்வையைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். தம்பியின் முன்னால் போய் நின்றார். அவன் சட்டை நுனி இன்னும் உதட்டில்தான் இருந்தது.

"பல்லாலயா?" என்று கேட்டார்.

ரேடியோ தலையை ஆட்டினான். அவர் தம்பியின் மோவாயைப் பிடித்துத் தூக்கி, குழந்தைக்குப் பார்ப்பதுபோல் வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பார்த்து முடித்த பிறகும் மோவாயை விடவில்லை.