மூன்று ஹாப், நடுவில் ஒரு சந்தனப் பொட்டு

1. நான்கு அறைகள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஜீப் ஓட்ட வேண்டும், பெட்டி தூக்க வேண்டும், ஏணி ஏற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நாளே ஒரு சொல் என்னை மிரட்டியது. செடி லேபில் குளிர்பெட்டியிலிருந்து 'ஹாப்ஸ்' எடுத்து வரச் சொன்னார்கள். செதில் செதிலாக அடுக்கிய பச்சைப் பூ. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அதுதானாம். அடுத்த அறையில் ஜோசப் சார் தரையில் டேப்பை விரித்து ஒரு தவளையின் ஹாப்பை அளந்துகொண்டிருந்தார். பிசிக்ஸ் லேபில் எலக்ட்ரான் ஹாப் செய்கிறது என்று போர்டில் படம் போட்டுப் பேசினார்கள். கடைசியாக மீரா மேடத்தின் அறைக்குப் போனால், "ரெண்டாவது ஹாப்ல சிக்னல் வீக்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்கக் கூச்சம். பல மாதம் கழித்துப் பொன்முடிக்கு ஜீப்பில் போகும்போதுதான் மேடத்திடம் கேட்டேன். அவர் கரமனை அக்ரஹாரத்துக்காரர்.

"இத்தனை நாளா இதை மனசுல வெச்சிண்டா இருந்தேள், அண்ணா? அந்தப் பூவை விடுங்கோ, அதுக்குப் பேர் மட்டும்தான் ஒண்ணு. மத்த மூணும் தாவறதுதான். சில பொருள்ல எலக்ட்ரான் தண்ணி மாதிரி ஓடாது. ஒரு இடத்துலேர்ந்து பக்கத்து இடத்துக்குத் தாவும். என் சிக்னலும் அப்படித்தான். பெட்டிக்குப் பெட்டி தாவும். ஒரு தாவல், ஒரு ஹாப்."

பின் சீட்டிலிருந்து ஜோசப் சார் தன் மலையாளத் தமிழில், "பக்ஷே, விழுந்தா வலிக்கறது என்டெ தவளைக்கு மாத்ரம்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

2. பெட்டிகள்

அன்று சிக்னலை வாங்கி அடுத்ததற்கு அனுப்பும் மூன்று பெட்டிகளையும் நான்தான் ஏறிப் பொருத்தினேன். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயத்துக்கு மேலே ஒரு சரிவு. மழையில் அந்தச் சரிவின் மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்கும் கருவியும் முதல் பெட்டியும் அங்கே. சற்றுத் தள்ளி ஒரு மேட்டில் இருக்கும் எஸ்டேட் ஸ்டோரின் கூரையில் இரண்டாவது. மலைக்குக் கீழே வித்துராவில் ஒரு கடை மாடியில் மூன்றாவது. அங்கிருந்து நகரத்துக்கு. மண் அளவுக்கு மேல் ஊறினால் மீரா மேடத்தின் கம்ப்யூட்டர் கத்தும். அவர் எஸ்டேட்டுக்குப் போன் செய்வார், லயத்தைக் காலி செய்வார்கள்.

ஸ்டோர் கங்காணி செல்லையா ஏணியைப் பிடித்துக்கொண்டார். "இதத் தொடக் கூடாது, கேட்டேளா" என்று மேடம் அவரிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார்.

3. ஆயுத பூஜை

அந்த வருட ஆயுத பூஜையன்று விடாத மழை. காலையில் மேடம் என்னை அழைத்தார். மூன்றாவது பெட்டி வேலை செய்கிறது, ஆனால் மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை, விடுமுறை.

"இடி விழுந்திருக்குமோ மேடம்?"

"தெரியலை அண்ணா. வண்டிய எடுங்கோ."

வளைவுகளில் செந்நிறத் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. ஸ்டோரில் பொரியும் கடலையும் வைத்திருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் தராசு, மருந்தடிக்கும் பம்பு, செடி நறுக்கும் கவாத்துக் கத்தி, எல்லாவற்றிலும் சந்தனம். நான் கூரைக்கு ஏறினேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு செவ்வந்தி மாலை, நடுவில் சந்தனமும் குங்குமமும். பக்கவாட்டு ஸ்விட்ச் அணைந்திருந்தது.

"யாரு ஆஃப் பண்ணினது?" என்று கீழே பார்த்துக் கேட்டேன்.

"நாந்தாம்ணே" என்றார் செல்லையா. "ஆயுத பூசைல்லா! இன்னைக்கு ஒரு ஆயுதமும் வேல செய்யக் கூடாது. தராசுக்கு லீவு, பம்புக்கு லீவு. பாவம், இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

ஸ்விட்சைப் போட்டேன். மேல்பெட்டி அதுவரை சேர்த்து வைத்திருந்த கணக்கெல்லாம் மேடத்தின் லேப்டாப்பில் வந்து விழுந்தது. மண் அளவுக்கு மேல் ஊறியிருந்தது.

"செல்லையா, லயத்துல யாரெல்லாம் இருக்கா?"

"எல்லாரும் இருக்காக. எம் மக பவானி பிரசவத்துக்கு வந்திருக்கா. கடைசி வீட்டுல படுத்திருக்கா."

"மலை இறங்கப் போறது. எல்லாரையும் வெளியில கூப்பிடுங்கோ!"

செல்லையா, வார்த்தை காதில் விழுந்தும் உள்ளே போகாத மாதிரி நின்றார். மழைச் சத்தத்தில் மேடத்தின் குரல் எடுபடவில்லை. நாலு பேர் நடுவே வாய் திறக்காத நான், லயத்தின் முன்னால் ஓடிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றும் தெரியாது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பவானியை நானும் அவள் அம்மாவும் இரு பக்கமும் தாங்கி நடத்தினோம். "எங்கண்ணே கூட்டிட்டுப் போறீக? என்னால வேகமா நடக்க முடியாது" என்று அழுதாள்.

ஸ்டோர் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தோம். தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே, ஒன்றும் சாயாமல், கீழே நகர்ந்து வந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. கடைசி வீடும் அதற்கு அடுத்த வீடும் மண்ணுக்குள் போயின.   

4. செல்லையா கேட்டது

ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழை விட்ட பிறகு செல்லையா என்னிடம் வந்தார். 

"தொடாதேன்னீக. பூசைக்குத் தொட்டா தப்பில்லன்னு நெனச்சேன். இது எம் மகளுக்குக் காவலுக்கு நிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அணைப்பேனாண்ணே?"

 மீரா மேடம் அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாங்க சொல்லலை" என்று மட்டும் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். சிக்னல் எங்கே தாவி விழுகிறதோ, அது ஒரு மனிதரின் கூரை. எலக்ட்ரானுக்கு யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு உண்டு. ஏணியைச் சாய்க்கும் முன், அந்தப் பெட்டி யாருக்காக விழித்திருக்கிறது என்று அந்த வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்வரை மேலே ஏறாதீர்கள்.